கொள்ளைநோயும் குடிக்கூலியும்

பிறந்த ஊரை விட்டு அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு, வேலைக்கு அடுத்தபடி உள்ள பெருங்கவலை வீடு. மாதம் பிறந்தால் சம்பளத்தில் முதற்பங்கு வீட்டுக்காரருக்குப் போகிறது. ஆகவே, கொள்ளைநோய் ஒன்று வந்தால் குடிக்கூலி என்னவாகிறது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

முதலில் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். 1896 ஆம் ஆண்டில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் தோன்றியது. சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. நோயின் வேகம் தணிந்ததும் ஆலைகளை நாடி மக்கள் திரும்பினர். 1898 இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளை இடித்தது. ஆனால், இடித்த வேகத்தில் அது கட்டவில்லை. இடமிழந்த ஏழைகள் எஞ்சிய சால்களில் நெருங்கிக் குடியேறினர்; அங்கே வாடகை ஏறிற்று. அதே டிரஸ்ட் வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகளையும் வகுத்தது. பிற்காலத்தில் தென்னாட்டார் பலர் மாதுங்காவில் குடியேறினர். இன்று அங்கே தமிழ் ஒலிப்பதற்கு அந்தப் பிளேக்கும் ஒரு காரணம் எனலாம்.

இனி, நாமே கண்ட கொள்ளைநோய்க்கு வருவோம். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று மார்ச் 29 இல் மத்திய அரசு உத்தரவிட்டது. ஆயினும், வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருந்தவர்களுக்கு அவ்வுத்தரவு பெரும்பாலும் எட்டவில்லை. கூலியும் கூரையும் ஒருங்கே இழந்தவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர்.

மற்றொரு சாரார் கணினித் தொழிலில் இருந்தவர்கள். அவர்கள் வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு சொந்த ஊர் சென்றனர். பெங்களூரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய விடுதிகள் வெறிச்சோடின, வாடகையும் இறங்கிற்று. லண்டன், நியூயார்க் நகரங்களின் நடுப்பகுதிகளிலும் இதே நிலைதான். அலுவலகங்கள் மீண்டும் திறந்ததும் எல்லோரும் ஒருசேரத் திரும்பினர். இடையில் புதிய வீடுகள் போதிய அளவு கட்டப்படவில்லை. ஆகையால் 2022, 2023 ஆண்டுகளில் பெங்களூர் வாடகை, இறங்கிய இடத்திலிருந்து ஏறிப் பழைய அளவையும் கடந்தது.

இவ்விரு கதைகளிலும் ஓர் ஒற்றுமை காண்கிறோம். நோய்க்காலத்தில் இறங்கும் வாடகை நிலைப்பதில்லை. அந்த இறக்கத்தின் பயனும், வேலை நீடித்து, பேரம் பேசும் வலிமை பெற்றவர்களுக்கே பெரிதும் கிட்டுகிறது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் செல்வர் என்றும் எண்ணிவிட வேண்டாம். மாடி வாடகையை நம்பியே காலந்தள்ளும் முதியவர்களும் அவர்களில் உண்டு. ஆதலின், இருவரையும் காக்கவல்லது எழுத்திலான உடன்படிக்கையே.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றை ஏற்றது. குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எனினும், மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றினாலன்றி அது நம் வாசலுக்கு வாராது.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறிதேயாயினும் பயனுள்ளது. வாடகைக்கு ரசீது பெறுவோம். முன்பணம் எப்போது திரும்பும், இடையில் காலி செய்ய நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பவற்றை எழுதி வாங்குவோம். புதிதாக வண்டி இறங்கும் நம்மவருக்கும் இதைச் சொல்லிவைப்போம். அடுத்த நோய் எப்போது வரும் என்று யாரும் அறியோம். அது வரும்போது நம் கையில் ஒரு காகிதமேனும் இருக்கட்டும்.