ஆற்றுவாரும் தேற்றுவாரும்



ஆற்றுவாரும் இல்லை, தேற்றுவாரும் இல்லை என்று துயருற்றோர் சொல்லி அழுவது தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் கேட்கும் சொல். ஒரே பொருளை இரு சொற்களால் அடுக்கிக் கூறும் வழக்கென்றே இதனைக் கொள்ளத் தோன்றும். உற்று நோக்கினால் இவை இரு வேறு பணிகளைக் குறிப்பது புலப்படும். ஆற்றுதலாவது சூட்டைத் தணித்தல்; கொதிக்கும் பாலை ஆற்றுவது போன்றது. தேற்றுதலாவது தெளியச் செய்தல். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து மண்டியைப் படியச் செய்வது போன்றது. முன்னதற்கு அன்பும் அண்மையும் போதும். பின்னதற்கு அவற்றோடு அறிவும் பயிற்சியும் நெடுநாட் பொறுமையும் வேண்டும். மரணத்தாலோ, அங்கவீனத்தாலோ, இருந்த இடத்தை விட்டு எழ நேர்ந்ததாலோ நிலைகுலைந்த குடும்பத்துக்கு இவ்விரண்டும் வேண்டும். இதனை நன்கு அறிந்த மண் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரை.

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் தம் புனைபெயரை எடுத்துக்கொண்டது இவ்வூரிலிருந்தே. தெற்கே நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை. அதனையடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊரோடு ஊர் தோள் உரசி நிற்கும். கிழக்கே கடல், மேற்கே வயலும் நீர்நிலையும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழ்கின்றனர். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியையும், 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் இக்கரை கண்டது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலே ஊருக்குள் வந்தது.

இலங்கையில் அன்று மாண்டோர் 35,000 பேருக்கு மேற்பட்டோர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. அங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தனர். எவர் இறந்தனர் என்பதும் கருதத்தக்கது. அம்பாறை மாவட்டத்து முகாம்களில் 859 குடும்பங்களிடையே நடத்தப்பெற்று, 2006 இல் வெளியான ஆய்வொன்று, ஆண்களில் 8.2 வீதமானோரும் பெண்களில் 17.5 வீதமானோரும் இறந்தனர் எனக் கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலோ அவ்வீதம் 31.8. தாயை இழந்த பிள்ளைகளும், பிள்ளையை இழந்த தாயரும், மனைவியையும் மக்களையும் ஒருசேரப் பறிகொடுத்து வெறுங்கையோடு நின்ற ஆடவரும் பல வீடுகளில் இருந்தனர் என்பதை இவ்வெண்கள் சொல்லாமற் சொல்லுகின்றன.

முதல் நாட்களில் ஆற்றுவார்க்குக் குறைவிருக்கவில்லை. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் கதவு திறந்தன. இக்கரையின் இரு சமூகத்தவரிடத்தும் துயரை ஆற்றுவதற்கென்று தொன்றுதொட்டு வந்த ஒழுங்குகள் உண்டு. இந்துக்களிடையே எட்டும் முப்பத்தோராம் நாளும் உறவினரை மீண்டும் மீண்டும் அவ்வீட்டுக்கு அழைத்து வருகின்றன. முஸ்லிம்களிடையே ஜனாஸாவைச் சுமப்பது ஊரின் பொறுப்பாகிறது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். இவற்றைச் சமயக் கடன்கள் என்றே பலர் அறிவர். துயருற்றவர் தனித்து விடப்படாதிருக்க முன்னோர் கண்ட ஏற்பாடுகள் என்றும் இவற்றைச் சொல்லலாம்.

ஆனால், அவ்வாழிப்பேரலை இவ்வொழுங்குகளையே உடைத்தது. ஊர் முழுவதும் இழவு வீடானபோது யார் யாரிடம் துக்கம் விசாரிப்பது? உடலே கிடைக்காதபோது எதனைக் குளிப்பாட்டுவது, எதற்குத் தொழுகை நடத்துவது, எந்தச் சாம்பலைக் கரைப்பது? இறந்தார் என்று அழவும் இயலாமல், வருவார் என்று இருக்கவும் இயலாமல் தவிப்பது துயரங்களுள் கொடியது. இதனைப் போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு 1999 இல் ஒரு நூலே எழுதினார். இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமிச் சிறப்பேற்பாடுகள் சட்டம், காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவு செய்யவும், தாய் தந்தையரை இழந்த சிறாரைப் பொறுப்பான குடும்பங்களிடம் ஒப்படைக்கவும் வழி செய்தது. சட்டம் தந்த அத்தாள் பலருக்கு உதவியது. அத்தாளைக் கையில் வாங்கும் தாயின் அருகே அமர்ந்திருக்க ஒருவர் வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது.

அவ்வாறு அமர்ந்திருக்கப் பலர் முன்வந்தனர் என்பதும் உண்மை. வெளிநாடுகளிலிருந்தும் தலைநகரிலிருந்தும் எத்தனையோ குழுக்கள் வந்தன. அவர்களின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. எனினும் மொழி அறியாது வந்தோரும், சில கிழமைகளில் திரும்பிச் சென்றோரும் இருந்தனர். ஒருவர் பின் ஒருவராக வந்து, நடந்ததை மீண்டும் சொல்லும்படி கேட்பது புண்ணைக் கிளறுவதாகும். நேர்ந்த துன்பத்தை உடனே வற்புறுத்திச் சொல்லச் செய்வது நன்மை தராது என்பதை ஆய்வாளர் இன்று ஏற்றுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் கூறுவதும் இதுவே: பாதுகாப்பும் உணவும் தங்குமிடமும் கிடைக்க உதவுக, உறவினரோடு சேர்த்து வைக்குக, பேச விரும்புவோர்க்குச் செவி கொடுக்குக, பேசாதவரை வருத்தற்க.

2007 இல் சருவதேச அமைப்புகள் கூடி வகுத்த வழிகாட்டி, இவ்வுதவியை நான்கு படியாகப் பிரிக்கிறது. அடிப்படி, எல்லோருக்கும் வேண்டிய உணவும் உறைவிடமும் பாதுகாப்பும். அதன் மேல், குடும்பமும் ஊரும் மீண்டும் கூடி வாழ வழி செய்தல். அதற்கும் மேல், பயிற்சி பெற்ற தொண்டர் சிலருக்குத் தனித்தனியே செய்யும் உதவி. உச்சியிலே, மிகச் சிலருக்கு மருத்துவரின் சிகிச்சை. துயருற்றோரில் பெரும்பாலோர் மருந்தின்றியே தேறுவர். ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவ்வச் சமூகத்தின் வழக்கத்தை மீறி, அன்றாட வாழ்வையே முடக்கிவிடும் துயரை மாத்திரமே இன்றைய மருத்துவ நூல்கள் நோயென வகுக்கின்றன. ஆகவே எல்லாரையும் நோயாளராக்குவதும் தவறு. நோயுற்ற சிலரை ஊர்வாய்க்கஞ்சி மறைத்து வைப்பதும் தவறு.

இத்துறையில் இலங்கை அடைந்த முன்னேற்றம் எடுத்துச் சொல்லத் தக்கது. பேரலைக்கு முன்னர் மனநல மருத்துவம் பெரிதும் கொழும்பையும் அதன் அயலிலிருந்த பெரிய வைத்தியசாலைகளையும் சார்ந்திருந்தது. 2005 இல் அரசாங்கம் தேசிய மனநலக் கொள்கையை ஏற்றது. மாவட்டந்தோறும் மருத்துவரை நியமிப்பதும், ஊரவரிலிருந்தே தொண்டரைத் தேர்ந்து பயிற்றுவதும் அதன்வழி நிகழ்ந்தன. முன்பு 10 மாவட்டங்களில் மட்டுமே இருந்த மனநலச் சேவை 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013 இல் அறிவித்தது. பேரிடரின்போது வந்த பணத்தை முகாமோடு தீர்ந்துவிடும் பணிகளுக்குச் செலவிடாது, நிலைத்து நிற்கும் சேவைக்கு அடித்தளமாக்கியமையே இதன் சிறப்பு. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இன்று யாவருக்கும் உதவத் திறந்திருக்கிறது.

இனி, மீள்குடியேற்றத்தைக் கருதுவோம். வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமாயின், கட்டிக் கொடுத்தவுடன் பணி முடிந்துவிடும். கிழக்கிலங்கையில் வீட்டின் பொருள் வேறு. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி மரபைப் பேணும் இக்கரையில், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது; மணமகனே மனைவியின் வீட்டுக்கு வருவான். தாயும், மணமான புதல்வியரும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்வர். பிள்ளை அழுதால் எடுக்கச் சின்னம்மாவோ சாச்சியோ வேலிக்கப்பால் இருப்பாள். நோயாளியைப் பார்ப்பதும், இழவுக்குச் சமைப்பதும் இவ்வளவுகளின் வழியே நடந்தன.

2005 இன் தொடக்கத்தில் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டலாகாது என அறிவிக்கப்பட்டபோது அசைந்தது இந்த ஏற்பாடே. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் பலர் கரையை விட்டு விலக நேர்ந்தது. காணி அருகிய இப்பகுதியில் தொடர்மாடி வீடுகள் எழுந்தன. சீட்டுக் குலுக்கலும் பட்டியலும் அக்காள் தங்கையரின் உறவுமுறையை அறியா. குடும்பத் தலைவர் என்ற தலைப்பின் கீழ் ஆடவனின் பெயரையே எழுதும் வழக்கத்தால், பெண்ணுக்குரிய வீடு கணவன் பெயருக்கு மாறிய நிகழ்வுகளை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். அக்கரைப்பற்றையடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையால் எழுந்த 500 வீடுகள், பங்கீடு பற்றிய வழக்கினால் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. காணி பற்றிய அச்சம் இரு சமூகத்தவர்க்கும் உண்டு. அதனை இரு சாராரையும் ஒருங்கிருத்திப் பேசித் தீர்க்காமல் வீடு கட்டினால், கட்டிய வீடும் குடிபுகாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

அங்கவீனமுற்றோரின் நிலையை இத்துடன் சேர்த்தே நோக்க வேண்டும். மேல்மாடியில் வீடு பெற்ற குடும்பத்தில் நடக்க இயலாத முதியவரோ, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோ இருப்பின், அப்படிகளே அவர்க்குச் சிறைச் சுவராகும். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொது இடங்களில் அவர்கள் புக வசதி செய்ய வேண்டுமென 2006 இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்றது. விதிகளுக்குக் குறைவில்லை. கீழ்த்தளத்து வீட்டை யாருக்கு ஒதுக்குவது என்று பட்டியல் எழுதும் மேசையிலேதான் அவை உயிர் பெறவோ மடியவோ செய்கின்றன.

சமுதாய மட்டப் புனர்வாழ்வு எனப்படும் முறைக்கு இலங்கை உலகுக்கே பங்களித்தது என்பதைப் பலர் அறியார். வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் செல்ல இயலாதவருக்கு வீட்டிலேயே குடும்பத்தவரும் அயலவரும் பயிற்சியளிப்பதே அம்முறை. அதற்கென உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட கைந்நூலை ஆக்கியோருள் ஒருவர் பத்மனி மெண்டிஸ் என்னும் இலங்கை அம்மையார். நடைபழகும் சட்டத்தை ஊர்த் தச்சனே மரத்தால் செய்யலாம். பேச்சுத் திருந்தாத பிள்ளைக்குத் தாயே பழக்கலாம். வேண்டுவது, கிழமைக்கொரு முறை வந்து காட்டிக் கொடுக்கும் ஒரு தொண்டர்; அவர் ஐயுற்றபோது கேட்பதற்கு ஓர் உத்தியோகத்தர்; அவரும் அனுப்புவதற்கு ஒரு மருத்துவர்.

அயல்நாட்டிலும் இதற்கு நல்ல சான்றுண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், தீரா நோயுற்றோரைப் பேணும் பணியைக் கடைக்காரரும் மாணவரும் வீட்டுப் பெண்களும் பயிற்சி பெற்று ஏற்றனர். அயலவர் தரும் சிறு காசுகளே அதன் முதல். மக்கள் தொடங்கிய அப்பணியைக் கேரள அரசு 2008 இல் தன் கொள்கையாக்கியது. மலப்புறத்தில் இயன்றது மருதமுனையிலும் பெரியநீலாவணையிலும் இயலாதென்று சொல்ல முடியாது. ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும், மரண உதவிச் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், மாதர் சங்கங்களும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் பணி அடக்கத்தோடும் முப்பத்தோராம் நாளோடும் நின்றுவிடாது, அதன்பின்னும் தொடருமாயின் பாதி வழி கடந்ததாகும்.

செய்யத்தக்கன பெரியனவல்ல. ஊர்தோறும் நால்வரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றலாம்; அவருள் பெண்கள் பாதிப் பேராவது இருத்தல் வேண்டும். ஏனெனில் இத்தா இருக்கும் கைம்பெண் அலுவலகப் படியேற மாட்டாள்; அவளிடம் ஆடவர் சென்று பேசுவதும் முறையன்று. படிவத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லும் ஒரு பெண் தொண்டர் இருந்தால் அவள் உரித்து தவணை கடந்து போகாது. துயருற்ற வீட்டுக்கு முதற் கிழமையில் நூறு பேர் செல்கின்றனர். மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் செல்ல ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கலாம். பிரதேச செயலகத்துச் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும், உளவளத்துணையாளரையும், குடும்ப நல மாதுவையும் அத்தொண்டர் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற பிரிவின்றி அவர்கள் மாதமொரு முறை ஒன்றாகக் கூடுவது நன்று. அலை வந்த காலையில் அது வேலி பார்த்து வரவில்லை.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, விடாமுயற்சி வேண்டும். அடுத்த பேரிடர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்வாரத்திலும் ஏதோவொரு தெருவில் ஒருவர் கணவனை இழக்கிறார். ஒரு குழந்தை நடக்க முடியாதென மருத்துவர் சொல்லக் கேட்டு ஒரு தாய் வீடு திரும்புகிறாள். ஊரார் அங்கே முதல் நாள் செல்வர் என்பதில் ஐயமில்லை. நூறாவது நாள் யார் செல்வது என்பதை இன்றே தீர்மானித்து வைக்கும் ஊரில் ஆற்றுவாரும் உளர், தேற்றுவாரும் உளர்.