கொல்லன் பட்டறையில் ஓர் இசைக்கருவி



தகடூர் மண்ணில் தமிழ் பேச எழுவோர் ஔவையாரை நினையாமல் தொடங்குதல் முறையன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவர், அங்கே அரண்மனையில் அலங்காரத்தோடும் நெய் மெருகோடும் வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டார். தம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. புகழ்வது போலப் பழித்த திறத்திற்காகவே இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதனுள் கைத்தொழிலாளர் அறிந்த உண்மை ஒன்றும் உண்டு. உழைத்த கருவியே பழுதாகும். பழுதானதே பட்டறை காணும். பட்டறை கண்டதே மறுபடி களம் காணும்.

அத்தகைய கருவியொன்றே இவ்வுரையின் பொருள். வீட்டில் தாமே கட்டிக்கொள்ளும் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியில், பழைய சிறு கணிப்பொறியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் வேலை பற்றியது இது. கவிஞர் அவையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் வழிவந்தோர்க்கு இவ்வேலை அயலானதன்று என்பதே விடை.

மின்னணு இசை இந்நாட்டுக்கு வந்த கதை நீண்டது. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. கீதா சாராபாய் முதலியோர் அதில் இசை அமைத்தனர். சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் மட்டும் காப்பகத்தில் உறங்கின. இங்கிலாந்துக் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்த பின்னரே, 2023இல் அவ்விசை தொகுப்பாக வெளிவந்தது. நாடாக்கள் அழிந்திருந்தால் அந்த அத்தியாயமே இல்லாமற் போயிருக்கும்.

தருமபுரிக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், பொறியாளரும் புல்லாங்குழற் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். இன்று கச்சேரி மேடைகளில் அத்தகைய பெட்டி இயல்பான காட்சி. தொழில்நுட்பம் மாறமாற அதன் உட்சுற்றுகளும் மாறிவந்தன. மாறாமல் நின்றது ஒன்றே: பாடகர் சாய்ந்துகொள்ளும் ஆதார ஸ்ருதி.

2012இல் இங்கிலாந்திலிருந்து ராஸ்ப்பெரி பை என்னும் சிறிய கணிப்பொறி வந்தது. உள்ளங்கையளவுள்ள ஒரே பலகையில் செயலி, நினைவகம், செருகுவாய்கள் அனைத்தும் அடங்கும். பள்ளி மாணவர் கணிப்பொறி கற்பதற்காகச் செய்யப்பட்ட இதனை இசை ஆர்வலரும் கைக்கொண்டனர். பார்சிலோனாவில் தோன்றிய ‘சிந்தியன்’ என்னும் திறந்த மூலத் திட்டம் இவ்வகையில் பெயர் பெற்றது. இப்பலகையோடு ஓர் ஒலியட்டை, சிறு திரை, நான்கு திருகுகள், ஒரு விசைப்பலகை ஆகியவற்றைச் சேர்த்தால் இசைக்கருவி ஆகிவிடும். ருமேனியரான நாஸ்கா ஒக்டாவியன் பால் எழுதிய ‘சின்ஆட்சப்எஃப்எக்ஸ்’ போன்ற இலவச மென்பொருள்கள் அதனுள் குரல்களைப் பிறப்பிக்கின்றன.

பலகையை மாற்றவேண்டிய தேவை ஏன் எழுகிறது? இக்கருவியில் ஒலி, நொடிக்கு 48,000 எண்களாகக் கணக்கிடப்படுகிறது. எண்களைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்தே கணிப்பொறி வெளியே அனுப்பும். கொத்துக்கு 256 எண்கள் எனில், விசையை அழுத்தியபின் ஒரு கொத்தளவில் 5.3 மில்லிநொடி தாமதம். 128 ஆகக் குறைத்தால் 2.7 மில்லிநொடி. கொத்து சிறிதாகச் சிறிதாகக் கை நினைப்பதும் காது கேட்பதும் நெருங்கிவரும். ஆனால் அடுத்த கொத்தை உரிய நேரத்தில் செய்து முடிக்கச் செயலிக்கு வலிமை வேண்டும். அஃது இயலாதபோது இசையினூடே கரகரப்பு எழும். பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும்போது 2016இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பலகை திணறுகிறது. 2019இன் நான்காம் தலைமுறையும் 2023இன் ஐந்தாம் தலைமுறையும் அச்சுமையை எளிதாகத் தாங்குகின்றன.

எனவே புதியதை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். பெட்டியைத் திறந்தபின்தான் சிக்கல்கள் தெரியவரும். மூன்றாம் தலைமுறைப் பலகைக்கு 2.5 ஆம்பியர் மின்னோட்டம் தரும் மின்வழங்கி போதும். நான்காவதற்கு 3, ஐந்தாவது முழுத்திறனோடு இயங்க 5 ஆம்பியர் வேண்டும். வலைப்பின்னல் செருகுவாய் நான்காம் தலைமுறையில் இடம் மாறி, ஐந்தாவதில் மீண்டும் பழைய இடத்துக்கு வந்தது. ஆகவே பெட்டியில் அறுத்த துளைகள் பொருந்தா. ஐந்தாவதில் காதொலிக் கருவி செருகும் வாயே இல்லை. வெப்பம் மிகுதியாதலின் விசிறியும் வேண்டும். திருகுகளை இணைக்கும் 40 முள்கள் மட்டும் அதே வரிசையில் நிற்கும். அவற்றை உள்ளிருந்து ஆள்வதோ ஆர்பி1 என்னும் புதிய சில்லு. செயலியோடு நேரே பேசித் திருகுகளின் அசைவை அறிந்த பழைய நிரல்கள் இங்கே ஊமையாகிவிடும். வாசல் அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே குடியிருப்பவர் மாறிவிட்டார்.

இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீரும் குறைகள். தீராத குறை ஒன்று உண்டு. கருவியின் குரல்கள் நகத்தளவு நினைவட்டையொன்றில் இருக்கின்றன. பழைய அட்டையைப் புதிய பலகையில் செருகினால், அதிலுள்ள பழைய இயங்குதளம் பெரும்பாலும் விழிக்காது. உரிமையாளர் பொறுமையிழந்து அவ்வட்டையையே துடைத்துப் புதிய இயங்குதளத்தை எழுதிவிடுவாரானால், பல ஆண்டுகள் செவியால் செதுக்கிய குரல்கள் ஒரு நொடியில் மறையும்.

தகடூர் இவ்விழப்பை முன்னமே அறிந்த ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை இவ்வூரை முற்றுகையிட்ட போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் இன்று முழுமையாக இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்துக்கொண்டமையாலும் உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியமையாலும் சில பாடல்களே எஞ்சின. பனையேட்டுக்கு ஆயுள் உண்டு. உரிய காலத்தில் மற்றோர் ஏட்டிற்குப் பெயர்த்தெழுதியவையே வாழ்ந்தன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கொடுமையை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். பக்தியோடு செய்த செயல்தான் அது; ஆயினும் படியெடுக்காமல் விட்டமையால் ஏட்டோடு நூலும் போயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட அவர், ஏட்டைக் காத்ததோடு அமையாது, ஏட்டிலிருந்ததை வேறோர் உடலுக்கு மாற்றினார்.

இம்மாவட்டத்துத் தெருக்கூத்தை எண்ணிப்பார்த்தால் இதன் பொருள் விளங்கும். பாரதக் கூத்து நடக்கும் இரவில் ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்தொலிக்கும். மூத்த கலைஞர் ஒருவரின் முகவீணையைச் சுரம் சுரமாகப் பதிந்து, இத்தகைய கருவியில் ஒருவர் ஏற்றிவைத்திருக்கக்கூடும். அக்கலைஞர் மறைந்தபின், அந்த மூச்சின் கரகரப்பு அவ்வட்டையில் மட்டுமே இருக்கும். பலகை எந்தக் கடையிலும் கிடைக்கும். மூச்சு எக்கடையில் கிடைக்கும்?

ஆகவே இவ்வேலைக்கு ஒரு முறைமை வேண்டும். முதலில், பழைய கருவியின் ஒவ்வொரு குரலையும் அது நன்றாக இருக்கும்போதே வாசித்து ஒலிப்பதிவு செய்தல். அடுத்து, நினைவட்டையை வேறிரண்டு இடங்களில் முழுமையாகப் படியெடுத்தல். பின்னர், புதிய பலகைக்குப் புதிய அட்டையிலேயே இயங்குதளம் எழுதுதல். அதன்பின் குரல் அமைப்புகளையும் சுருதி அமைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுசேர்த்தல். இறுதியாகப் பழைய பதிவையும் புதிய ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டல். மென்பொருளின் பதிப்பு மாறினால், அதே எண்கள் வேறு ஒலி தருவதும் உண்டு. பாடபேதம் நூலுக்கு மட்டும் உரியதன்று. புதிய கருவி பாடும்வரை பழையதைப் பிரிக்கலாகாது.

சுருதி அமைப்பைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. விசைப்பலகை ஒரு தாயிக்குள் 12 சமபடிகளையே அறியும். தமிழிசையின் சுரங்கள் அப்படிகளில் அடங்குவதில்லை. கமகம் படிகளுக்கிடையே வாழ்வது. மேற்சொன்ன ருமேனியரின் மென்பொருளில் சுரத்தானங்களைத் தம் செவிக்கேற்ப மாற்றி அமைக்கலாம். அவ்வாறு திருத்திய ஒரு சிறு கோப்பு, பலகையின் விலையைக் காட்டிலும் மதிப்புடையது. அதைச் செய்தது கடையன்று, செவி.

எந்தக் கோப்பு நெடுநாள் வாழும் என்பதும் எண்ணத்தக்கது. பதிந்த ஒலிகளைத் தொகுக்க ‘எஸ்எஃப்ஸட்’ என்னும் வடிவம் உண்டு. அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணிப்பொறியிலும் திறந்து மனிதர் படிக்கலாம். ஒரே மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் வடிவமோ, அம்மென்பொருளோடு முடிந்துபோகும். இத்துன்பம் கவிஞர்க்கும் புதிதன்று. 1990களில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கவிதைகள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாயின. 1999இல் தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ தரங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. அவ்விடைவெளிகளில் மாற்றாமல் விட்ட கவிதைகள் பல, இன்றும் பழைய நெகிழ்வட்டுகளில் அடைபட்டுக் கிடக்கக்கூடும்.

பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்க பணி இதிலிருந்து தெளிவாகும். இந்த அரங்கில் வாசித்த கவிதைகள் எவ்வட்டில், எவர் வீட்டு அலமாரியில், எந்த எழுத்துருவில் உள்ளன என்பதைக் கணக்கெடுத்தல் வேண்டும். மூத்த உறுப்பினர்களின் குரலில் அவர்தம் கவிதைகளைப் பதிதல் வேண்டும். அவற்றைப் படியெடுத்து ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். அடுத்த பத்தாண்டில் கருவிகள் மாறும். மாறும்போது மீண்டும் பெயர்த்தெழுத ஆள் வேண்டும். அந்த ஆளை இன்றே பழக்குதலும் இவ்வட்டத்தின் கடமை.

நெய் பூசி மாட்டிவைத்த வேலுக்குப் பட்டறை தேவையில்லை. பாடிப்பாடித் தேய்ந்த கருவிக்கே அது தேவை. அப்பட்டறையில் கைப்பிடி மாறலாம், நுனி மாறலாம். கருவியின் குரல் மாறாமல் திரும்பினால் கொல்லன் வென்றான். இவ்வட்டத்தின் குரலும் அவ்வாறே தலைமுறை கடந்து ஒலிப்பதாக.