பாவத்தின் பெயரும் விலாசமும்



சுற்றுச்சூழல் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்ததும் மரக்கன்று கொடுப்பார்கள் என்று நம்பிச் சிலர் பையோடு வந்திருக்கிறீர்கள். ஏமாந்தீர்கள். ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று ஒரே குழியில் புதுக்கன்று வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் அதைக் கேளுங்கள். நான் பேச வந்தது பிணம் தின்னும் பறவையைப் பற்றி. பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்கிறோமே, அதைப் பற்றி.

திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்கு நான் கழுகை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைக்கோயிலில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் தின்ன இரண்டு கழுகுகள் இறங்கி வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். தொண்ணூறுகளின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோனது. கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது, அதனால் வரவில்லை என்றார்கள். எவ்வளவு சௌகரியமான பதில்! பாவம் பொத்தாம்பொதுவாகப் பெருகினால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், யாரும் கோர்ட் படி ஏற வேண்டாம். அந்த ஜோடியின் கதையை விடுங்கள். அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தனவே, அந்தப் பாவத்துக்குப் பெயர் உண்டு, விலாசமும் உண்டு. பெயர் டைக்ளோஃபெனாக். விலாசம் மருந்துக் கடை.

நம் மூட்டுவலிக்குத் தரும் அதே வலிநிவாரணிதான். தொண்ணூறுகளில் விலை மலிந்து மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது. காய்ச்சலா, மடிவீக்கமா, கால் நொண்டுகிறதா, போடு ஒரு ஊசி. மாட்டுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஊசி போட்ட சில நாளுக்குள் அந்த மாடு செத்தால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். சில நாளில் பறவை செத்துப்போகும். பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்து இந்தக் காரணத்தை 2004இல் நேச்சர் இதழில் உலகுக்குச் சொன்னது லிண்ட்சே ஓக்ஸ் என்னும் ஆய்வாளரின் குழு. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. பதினைந்தே ஆண்டு!

எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டோம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் சூழலியலில் பாதி தெரிந்த மாதிரி. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் விஷம் இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏன்? ஒரு மாட்டின் மேல் நாற்பது, ஐம்பது பாறுகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி கூடித் தின்கின்றன; ஒரு இலையில் விஷம் என்றால் பந்தியே சாய்கிறது. அதோடு, வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணை சேர ஐந்து ஆண்டு ஆகும். எலியை ஆயிரக்கணக்கில் கொல்லுங்கள், அடுத்த அறுவடைக்குள் ஈடுகட்டிவிடும். மெல்லப் பெருகும் உயிரிடம் அந்தக் கணக்கு செல்லாது.

போனால் போகட்டும், பிணந்தின்னிதானே என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் கிருமியையே செரிக்கும் வீரியம் கொண்டது. ஒரு கூட்டம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். சம்பளம் இல்லை, லாரி இல்லை, டெண்டர் இல்லை. டெண்டர் இல்லாத துப்புரவு என்பதால்தானோ என்னவோ, அது போனபோது எந்த அதிகாரிக்கும் வலிக்கவில்லை! அந்த இடத்துக்கு நாய் வந்தது, எலி வந்தது. இயற்கையில் காலி நாற்காலி கிடையாது. ஆனால் வந்து உட்கார்ந்தவர் பழையவர் செய்த வேலையைச் செய்வார் என்ற உத்தரவாதமும் கிடையாது. நாய் அரைகுறையாகத் தின்னும், பெருகும், வெறிநாய்க்கடியைக் கொண்டுவரும். எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையைப் படியுங்கள். பாறுகள் அழிந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. பறவைப் பாசம் உள்ளவன் பேச்சு என்று என்னை ஒதுக்குங்கள். ஐந்து லட்சம் பேரையும் ஒதுக்குவீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன், முகம் சுளிக்காதீர்கள். செத்த மாட்டை இழுத்துப் போடும் வேலையை இந்த நாட்டில் எந்த மக்களின் தலையில் கட்டினோம்? வானத்திலிருந்து இறங்கிய துப்புரவாளி இல்லாமல் போனபோது, அந்த நாற்றமும் நோயும் முதலில் யார் குடியிருப்பின் ஓரத்தில் தேங்கின? சூழல் கெட்டால் எல்லோருக்கும் சமமாகக் கெடும் என்பது பொய்.

சரி, அரசு தூங்கியதா? இல்லை. அது ஓடியது, ஆனால் பின்னாலேயே ஓடியது. 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்றார்கள். உடனே மனிதருக்கான பெரிய பாட்டில் மாட்டுக்குப் போனது. அதை ஒரு வேளைக்கான 3 மில்லியாகச் சுருக்க 2015 வரை ஆனது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தடையை உறுதிசெய்தது. அதற்குள் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்று தம்பிமார்கள் வந்துவிட்டார்கள். அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது! வேஷம் கலைந்த பிறகும் அதை அனுமதித்தார்கள். வங்கதேசம் 2021இலேயே கீட்டோபுரோஃபெனை விலக்கியது. நாம் இரண்டையும் விலக்கியது 2023இல். இன்னொரு தம்பியான நிமிசுலைடைத் தடைசெய்தது 2024 முடியும்போது. இத்தனைக்கும் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுக்குக் கெடுதல் செய்யாது என்று 2006இலேயே நிரூபித்துவிட்டார்கள். மாற்று கையில் இருந்தது!

என் குற்றச்சாட்டு இதுதான். ஒரு மருந்து பறவையைக் கொன்ற பிறகு தடை போடுகிறோம். கொல்லாது என்று காட்டிய பிறகு உரிமம் கொடுக்கிறோமா? நிரூபிக்கும் பொறுப்பைச் செத்த பறவையின் தலையில் ஏன் வைக்கிறீர்கள்? மாட்டுக்கான வலிநிவாரணி எதுவானாலும், பாறுக்குப் பாதுகாப்பானது என்று விற்கிறவன் காட்டட்டும், பிறகு விற்கட்டும்.

நீலகிரியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் சீகூர்ப் பகுதியிலும் இன்னும் பாறு பறக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணினாலும் சில நூறுதான். அங்கே வேறொரு ஆபத்து. மாட்டைப் புலி அடித்தால், ஆத்திரத்தில் அந்தப் பிணத்தில் பூச்சிமருந்தைத் தடவுகிறார்கள். புலிக்கு வைத்தது பாறுக்கும் போகிறது. மாட்டை இழந்தவனைத் திட்டுவதில் பயனில்லை. இழப்பீடு அவன் ஆத்திரம் ஆறும் முன்பே கைக்கு வர வேண்டும். அலையவிட்டுத் தாமதமாகக் கொடுக்கும் பணம் ஒரு பாறுக் கழுகையும் காப்பாற்றாது.

மாடு வைத்திருக்கிற தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாட்டுக்கு ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தடைசெய்த மருந்தைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். எந்த மருந்தை வாங்கினாலும் பில் கேளுங்கள், பில் தர மறுத்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதுங்கள். உரிமத்துக்கு முன் சோதனை என்ற கோரிக்கை மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.