பதிவேடும் தவறலாம்

(உத்திரமேரூர் வட்டம், சாலவாக்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பாடத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. நம் எல்லோர் பெயரிலும் இருக்கிற ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு ஒரு வங்கியில் விண்ணப்பித்தோம். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கடன் என்பதால் என் கடன் அறிக்கையைப் பார்த்தார்கள். "டீச்சர், உங்க சிபில்ல ஒரு வண்டிக் கடன் பாக்கி நிக்குது. முடிச்சிட்டு வாங்க" என்றார் அதிகாரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வேறொரு வங்கியில் ஸ்கூட்டிக்காக வாங்கி, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த கடன்.

அந்த வங்கிக்குப் போனேன். "சிபில்ல கேளுங்க" என்றார்கள். சிபிலில் கேட்டால், "வங்கி சொன்னால்தான் மாற்ற முடியும்" என்று பதில். இதற்குள் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. என் வளையல்கள் அடகுக்குப் போயின.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சிபில் என்று நாம் சொல்வது ஒரு நிறுவனத்தின் பெயர். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் உள்ளன. வங்கிகள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. நாம் மதிப்பெண் பட்டியல் தயாரிப்பது போலத்தான். பாட ஆசிரியர் தவறாகக் கொடுத்தால் பட்டியலும் தவறாகத்தான் வரும்.

இந்த நிறுவனங்களுக்கென 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தவறான விவரத்தைத் திருத்தக் கேட்பது நம் உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை. முழு அறிக்கையையும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும்.

நான் செய்தது இதுதான். அறிக்கையை இறக்கி, கடன் கணக்கு எண், நிலுவைத் தொகை, நிலுவை நாட்கள் ஆகியவற்றை அடிக்கோடிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பை நீக்க வங்கி கொடுத்த தடையின்மைச் சான்றின் நகல் பெட்டியில் இருந்தது. அதோடு கடைசித் தவணை கட்டிய ரசீதையும் இணைத்து, வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கினேன். அன்றே கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் புகார் பதிந்து எண் பெற்றேன்.

வாயால் கேட்டபோது நகராத வேலை, எழுதிக் கொடுத்ததும் நகர்ந்தது. கடைசித் தவணையை வங்கி வேறு கணக்கில் வரவு வைத்திருந்ததாம். 26-ஆம் நாள் 'கணக்கு முடிக்கப்பட்டது' என்று அறிக்கை மாறியது. இரண்டாம் பருவத்துக்குக் கடனும் கிடைத்தது.

முப்பது நாளுக்குள் தீராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் அந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாது. "பணம் கொடுங்க, மதிப்பெண்ணை ஏத்தித் தர்றேன்" என்று யாராவது போனில் அழைத்தால் நம்பாதீர்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. நான் வங்கிக்கு அலைந்துகொண்டிருந்த அதே மாதம், ஒரு மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழில் மகளின் தலைப்பெழுத்து தவறாக இருந்தது. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ரெக்கார்டுல இப்படித்தான்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலை வங்கியில் என்னிடமும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். "எங்க ரெக்கார்டுல இப்படித்தான் மேடம் இருக்கு."

மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்துப் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். தவறு எங்கள் கையெழுத்தில்தான் இருந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்தினோம். எமிஸ் தளத்திலும் மாற்றினோம். "தப்பு எங்களுதுதான்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டார்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்பில் நடத்துகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது. அவருடைய உறவினரும் முடியாது. கணக்கை வைத்திருப்பவர்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. அது வங்கிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தேவை வந்த பிறகு பார்த்தால் என்னைப் போல வளையலைக் கழற்ற வேண்டியிருக்கும். அடுத்து, ஒரு பெற்றோர் "தப்பா இருக்குங்க" என்று வந்தால், முதலில் அவரை உட்கார வையுங்கள். பிறகு பதிவேட்டைத் திறங்கள்.