கை தூக்குவதா, சீட்டுப் போடுவதா?

(கொற்கையில் கிராம மக்களிடையே நிகழ்த்திய உரை)



கொற்கைக்கு வந்து பேசுகிறவர் எவரும் முத்துக்குளிப்பையும் பாண்டியர் துறைமுகத்தையும் சொல்லாமல் தொடங்குவதில்லை. 1968-69இல் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் இங்கே அகழ்ந்தெடுத்த கரித்துண்டு கி.மு. 785ஆம் ஆண்டளவினது என்று கணிக்கப்பட்டதையும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அப்பெருமைகளை இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, நம் கிராம சபைகளில் நடைபெறும் ஒரு சிறு காரியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தீர்மானம் வாசிக்கப்படுகிறது. "சம்மதமானவர்கள் கை தூக்குங்கள்" என்கிறார்கள். கைகள் உயர்கின்றன. நடவடிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதப்படுகிறது. உயர்ந்த அந்தக் கைகள் எல்லாம் தாமாகவே உயர்ந்தவைதாமா?

தலைமடையில் நிலம் உடையவர் ஒரு யோசனையைக் கொண்டுவருகிறார். அவர் மடையைத் திறந்துவிட்டால்தான் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர். அவருடைய களத்தில்தான் அவன் மனைவிக்கு அறுவடை வேலை. அவர் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து திரும்பிப் பார்த்துக் கொண்டிருக்கிறார். இவன் கை எந்தப் பக்கம் உயரும்? தாமிரபரணிப் பாசனத்தின் கோடியில் வாழும் உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இது இன்று நேற்று எழுந்த கேள்வி அன்று. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் இருக்கிறது. அவ்வூர் அம்பலவாண சுவாமி கோயிலில் மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 800. நிலமுடைய அந்தணர்களின் மகாசபை கூடி, சபையில் பேசுவதற்கு உரியவர் யார் என்று விதி வகுத்த செய்தியை அது கூறுகிறது. எல்லோருக்கும் இடமளித்த சபை அன்று அது. நிலமும் கல்வியும் ஒழுக்கமும் உடையவர்க்கே அங்கே இடம். அவ்விதிகளுள் ஒன்று நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. கொண்டுவரும் காரியத்துக்கெல்லாம் "அன்று, அன்று" என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவரும் அவருக்குத் துணை நிற்பவரும், அவ்வாறு செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும்.

வீண் வம்பர்களை அடக்குவதற்கே இவ்விதி செய்யப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பதை நாமும் அறிவோம்! ஆயினும் மறுத்தவர் இன்னார் என்று தெரிந்தால்தான் தண்டம் விதிக்க முடியும். வாய்விட்டு மறுத்தவருக்கு ஐந்து காசு போயிற்று. மறைவாக மறுப்பவருக்கு எந்தச் சபையும் தண்டம் போட முடியாது.

இங்கே குடவோலையை நினைவுகூர்வோர் உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டி, ரகசிய வாக்கு முறை நமக்குப் பழையது என்று மேடைதோறும் கூறுகிறார்கள். அது சரியன்று. குடவோலை வாக்கெடுப்பே அன்று. அது திருவுளச் சீட்டு. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிச் சபையறிய வாசித்தார்கள். கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகவே விரல்களை விரிக்கச் சொன்னார்கள். அம்முறையிலிருந்து நாம் கற்கத் தக்கது இந்த விரித்த கைதான். வாக்கு மறைவாக இருக்கலாம்; எண்ணுவது மறைவாக இருக்கக் கூடாது.

மேல்நாடுகளிலும் வாக்கு நெடுங்காலம் வெளிப்படையாகவே இருந்தது. இங்கிலாந்தில் வாக்காளர் அதிகாரிமுன் நின்று தம் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அச்சிட்டு விற்றதும் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் 1861இல் இம்முறையையே ஆதரித்தார். வாக்கு என்பது பிறர் நன்மைக்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அதை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்று ஊரார் காண வேண்டும் என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதம் அன்று இது. ஆனால் 1868ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் வேல்ஸ் பகுதியில் ஜமீன்தார்களின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகைக்காரர் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வாக்கை ஊரார் கண்டார்கள், நிலக்காரரும் கண்டார். ஆஸ்திரேலியாவில் 1856இலேயே ஏற்பட்டுவிட்ட ரகசிய வாக்குச் சீட்டு முறையை இங்கிலாந்து 1872இல் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் 1951-52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலிலேயே ரகசிய வாக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்து, வாக்காளர் மறைவிடத்திற்குள் சென்று சீட்டைப் போட்டுவரச் செய்தார்கள். அவ்வாறிருக்க, 2003இல் மாநிலங்களவைத் தேர்தலுக்குப் பகிரங்க வாக்கு முறையைக் கொண்டுவந்தது ஏன் என்று கேட்கலாம். அத்தேர்தலில் வாக்களிப்பவர் சட்டமன்ற உறுப்பினர். தாம் இட்ட வாக்கைக் கட்சியின் முகவருக்குக் காட்டிவிட்டே பெட்டியில் போட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2006இல் இதனை ஏற்றது. உறுப்பினர் மக்களின் வாக்கைப் பெற்று வந்தவர். கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். மில் கூறியது அவருக்குப் பொருந்தும். கூலிக்குப் போகும் குடிமகன் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? பிறர்மீது அதிகாரம் உடையவரின் வாக்கு வெளியே தெரியட்டும். பிறர் அதிகாரத்துக்கு உட்பட்டவரின் வாக்கு மறைந்திருக்கட்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சீட்டு ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கே ஒழுங்கான தேர்தல் நடைபெறவில்லை. வேட்புமனுவே வரவில்லை, வந்து வென்றவரும் உடனே பதவி விலகினர். வாக்குச் சீட்டில் பெயர் இல்லை; வேட்புமனுவில் பெயர் உண்டல்லவா? அச்சம் அங்கேயே வாசலை அடைத்துவிட்டது. 2006இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2ஆம் நாள் நடந்த கிராம சபையில் மாநில முதலமைச்சரே கலந்துகொண்டார்.

பணம் கொடுத்து வாக்கு வாங்குவோர், வாக்கைக் கண்ணால் காண முடியாத குறையைத் தீர்க்கக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்குவதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மறைவு இருப்பதனால்தான் சத்தியம் தேவைப்படுகிறது!

கிராம சபைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி அமைந்த இச்சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என்று ஏற்பாடாயிற்று. வரவு செலவுக் கணக்கை வாசித்து ஒப்புதல் பெறுவதற்கும், எந்தத் தெருவில் முதலில் விளக்குப் போடுவது என்பதற்கும் கை தூக்குதல் போதும். அது விரைவானது, கேள்வி கேட்பவர் முகமும் பதில் சொல்பவர் முகமும் தெரிவது நல்லது. ஒருவருடைய ஆக்கிரமிப்பை அகற்றுவது, வீடு கட்டும் திட்டப் பட்டியலில் தகுதியில்லாத பெயர் இருக்கிறதா என்பது, மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்பது போன்றவை வேறு இனம். இவற்றில் கை தூக்கியவர் கூட்டம் கலைந்தபின் அதே தெரு வழியாக வீட்டுக்குப் போக வேண்டும்.

பெண்களின் நிலையைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் அப்பென்சல் இன்னர்ரோடன் என்னும் சிறு மாநிலத்தில் மக்கள் இன்றும் திறந்த வெளியில் கூடிக் கை தூக்கியே முடிவு செய்கிறார்கள். அதனைக் கிராம ராஜ்யத்தின் இலட்சியமாகப் புகழ்வோர் உண்டு. அங்கே கூடிய ஆண்கள் 1990 ஏப்ரலிலும் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்றே கை தூக்கினார்கள். அவ்வாண்டின் இறுதியில் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே உரிமை கிடைத்தது.

மகாராஷ்டிரத்தில் செய்தது நமக்கு அதைவிட நல்ல பாடம். 2008இல் வகுத்த விதிப்படி, ஊரிலுள்ள பெண் வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் மனுச் செய்தால், மதுக்கடையை மூடுவது பற்றி ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் புட்டி ஒன்று, சாய்ந்து கிடக்கும் புட்டி ஒன்று. மொத்தப் பெண் வாக்காளரில் பாதிப் பேருக்கு மேல் சாய்ந்த புட்டிக்கு வாக்களித்தால் கடை மூடப்படும். கடைக்காரர் உறவினராக இருக்கலாம். கணவரே நாள்தோறும் அங்கே போகிறவராக இருக்கலாம். எழுத்தறியாத மூதாட்டியும் எவரையும் கேளாமல் புட்டியைச் சாய்த்துவிட்டு வரலாம்.

மறைவாக்கில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணம் கூறாமல் பகை தீர்த்துக்கொள்ள அது இடம் தரும். ஆகவே விவாதம் முழுவதும் வெளிப்படையாக நடந்து முடிந்த பிறகே சீட்டு வரவேண்டும். இன்ன பொருளுக்குச் சீட்டு வேண்டும் என்று வந்திருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் கொடுத்துவிடுவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். அதைக் கேட்பவர் பெயரையும் குறித்துவைக்கத் தேவையில்லை.

செலவு ஒன்றும் பெரிதன்று. ஒரே அளவாக நறுக்கிய காகிதம், பள்ளிக்கூடத்து மேசை, அதைச் சுற்றிக் கட்ட ஒரு வேட்டி, ஒரு குடம். வேண்டும் என்பதற்கு ஒரு படம், வேண்டாம் என்பதற்கு ஒரு படம். எல்லாத் தெருச் சீட்டுகளையும் ஒரே குடத்தில் கலந்துவிட வேண்டும். தெருவாரியாக எண்ணினால் எந்தத் தெரு எதிர்த்தது என்று தெரிந்துவிடும். பிறகு எல்லோர் முன்னிலையிலும், உத்திரமேரூரார் செய்ததுபோல் விரல்களை விரித்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டி எண்ண வேண்டும். நடவடிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாக" என்று எழுதாமல், வேண்டும் என்றவர் இத்தனை பேர், வேண்டாம் என்றவர் இத்தனை பேர் என்று இரண்டு எண்களையும் எழுதித் தலைவர் கையொப்பமிட்டபின் அடுத்த பொருளை எடுத்துக்கொள்ளலாம்.