கனடா நம்ம ஊருக்கு எந்த வழியா வருது?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

பாவூர்சத்திரத்துல இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. மார்க்கெட்டுல இருந்து கேரளாவுக்குக் காய் ஏத்திட்டுக் கிளம்புற நேரம் இது.

இன்னைக்கு டாபிக் கனடா. உடனே பி.ஆர். பாயிண்ட்ஸ், ஐஇஎல்டிஎஸ் ஸ்கோர்னு நினைச்சிருப்பீங்க. அது உங்க தப்பு இல்ல. நம்ம பக்கம் கனடான்னாலே விசாதான். கூடப் படிச்சவன் ஒருத்தன் பிராம்ப்டன்ல இருப்பான், இன்னொருத்தன் அங்க போக அப்ளை பண்ணிட்டு உக்காந்திருப்பான். 2024 ஜனவரியில கனடா அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்பு பர்மிட்டுக்கு உச்சவரம்பு வெச்சுது. அந்த வருஷத்துக்குச் சுமார் 3,60,000 பர்மிட், அதாவது முந்தின வருஷத்தைவிட 35 சதவீதம் கம்மி. அன்னைக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்ல நடந்த புலம்பல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்போ எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. அந்த விசா கதவை மூடிட்டா, கனடான்னு ஒரு நாட்டுல நமக்கு வேற என்ன தெரியும்? அந்த நாட்டுக்காரங்க எழுதின கதை, செஞ்ச ஆராய்ச்சி, இதெல்லாம் நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கா? வந்திருந்தா எந்த வழியா வந்துச்சு? தேடிப் பார்த்ததுல எனக்கு மூணு வழி கிடைச்சுது.

முதல் வழி, அரசாங்க வழி. 1968ல சாஸ்திரி இந்தோ-கனடியன் இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நம்ம பிரதமரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பேர்ல. அங்க உள்ள ஆய்வாளர் இங்க வர, இங்க உள்ளவர் அங்க போக உதவி பண்ற அமைப்பு. இன்னொரு பக்கம், கனடா வெளியுறவுத் துறையே ஒரு திட்டம் நடத்துச்சு. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கனடாவைப் பத்திப் பாடம் நடத்தவும் ஆராய்ச்சி பண்ணவும் காசு கொடுக்கிற திட்டம். கடைசிக் காலத்துல அதுக்குப் பேரு 'அண்டர்ஸ்டாண்டிங் கனடா'. இந்த மாதிரி முயற்சிகளோட தடம் நம்ம ஊர்க் கல்லூரிகள்லயும் இருக்கு. எம்.ஏ. இங்கிலீஷ் படிச்ச அக்கா யாராவது வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க, மார்கரெட் அட்வுட், மார்கரெட் லாரன்ஸ்னு சொல்ல வாய்ப்பு அதிகம். எங்க தெரு அக்கா ஒருத்தங்ககிட்ட நான் கேட்டேன். "நாவல எங்கடா பார்த்தேன், கைடைத்தான் படிச்சேன்"ன்னு சிரிச்சாங்க.

2012ல கனடா அரசு சிக்கன நடவடிக்கைன்னு சொல்லி அந்தத் திட்டத்தையே மூடிருச்சு. வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலர் செலவு. ஒரு நாட்டு பட்ஜெட்டுல அது சில்லறைக் காசு. ஆனா பல நாடுகள்ல அதை நம்பிப் பாடம் நடத்திட்டு இருந்தவங்க அந்தரத்துல நின்னாங்க. நம்ம பாஷையில சொன்னா இது புஷ் நோட்டிஃபிகேஷன். அவங்க அனுப்புற வரைக்கும் வரும். சர்வரை ஆஃப் பண்ணா நின்னுரும்.

ரெண்டாவது வழியைத் திறந்தவங்க, எந்த அரசும் அனுப்பாமலே கனடா போய்ச் சேர்ந்தவங்க. 1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து தமிழர்கள் பெரிய அளவுல போக ஆரம்பிச்சாங்க. 1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல லைஃப் போட்ல மிதந்துட்டு இருந்த 155 பேரை அந்த ஊர் மீனவர்கள் காப்பாத்தினாங்க. அப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போன ஒரு சமூகம், 2001ல டொரான்டோவுல 'தமிழ் இலக்கியத் தோட்டம்'னு ஒரு அமைப்பைத் தொடங்குச்சு. அவங்க கொடுக்கிறதுதான் இயல் விருது. முதல் விருது யாருக்கு? நம்ம பக்கத்து நாகர்கோவில் சுந்தர ராமசாமிக்கு. 2005ல அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட், 2007ல இங்கிலாந்துல இருந்து தமிழ் எழுத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோன லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம், 2015ல தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கின மயூரநாதன். தமிழ்ல யார் என்ன செய்றாங்கன்னு கனடாவுல உக்காந்து கவனிச்சு மரியாதை பண்றாங்க.

அந்த அமைப்போட முக்கியமான ஆள் எழுத்தாளர் அ. முத்துலிங்கம். கொக்குவில்ல பிறந்து, ஐ.நா.வுல வேலை பார்த்து, கனடாவுல குடியேறினவர். அவர் கதை, கட்டுரைகளை வாசிச்சாத்தான் அங்க பனி எப்படிக் கொட்டுது, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பேசுவார்னு நமக்குத் தெரியுது. கைடு வழியா வராத கனடா, நல்ல தமிழ்ல வந்து சேருது. எதிர்த்திசையில, டொரான்டோ பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் பேராசிரியரா இருந்த செல்வா கனகநாயகம் தமிழ்க் கவிதைகளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். 2014ல அவர் காலமாகிட்டார். அதே பல்கலைக்கழகத்தோட ஸ்கார்பரோ வளாகத்துல தமிழ் இருக்கை அமைக்க 30 லட்சம் டாலர் தேவைப்பட்டுச்சு. உலகம் முழுக்க இருந்து தமிழர்கள் கொடுத்த காசுல 2021ல அந்த இலக்கு நிறைவேறுச்சு. ஒரு பட்ஜெட் அறிவிப்புல இதை மூடிர முடியாது. இதோட வேர் ஆயிரக்கணக்கான ஆட்கள்கிட்ட இருக்கு.

மூணாவது வழிதான் என்னை இந்த எபிசோடே பண்ண வெச்சுது. பிரெண்டா பெக்.

1960கள் நடுவுல ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சி மாணவியா ஒரு இளம்பெண் காங்கேயம் பக்கத்துல ஒரு கிராமத்துல வந்து தங்குறாங்க. தமிழ் கத்துக்கிட்டு, ரெண்டு வருஷம் அந்த ஊர் வாழ்க்கையைப் பதிவு பண்றாங்க. 1965ல, அண்ணன்மார் கதையை உடுக்கை அடிச்சுப் பாடுறவங்களை முழுசாப் பாடவெச்சு டேப்ல எடுத்தாங்க. பொன்னர் சங்கர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும், 2011ல சினிமாவா வந்துச்சே, அதே கதை. ஒரு ராத்திரியில முடியுற கதை இல்ல. பல ராத்திரி பாடணும். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரைச் சுமந்துக்கிட்டு, அத்தனை ராத்திரியும் உக்காந்து பதிவு பண்ணியிருக்காங்க.

அப்புறம் கனடா போய் வான்கூவர்ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினாங்க. அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1972ல அவங்களோட கொங்கு ஆய்வைப் புத்தகமா போட்டுச்சு. 1982ல இந்தக் கதைப்பாடல் பத்தி இன்னொரு புத்தகம். பெரும்பாலான ஆராய்ச்சி இத்தோட முடிஞ்சிரும். வந்தாங்க, எடுத்தாங்க, புத்தகம் போட்டாங்க, பேராசிரியர் ஆனாங்க. பாடுனவர் ஊர்ல அப்படியே இருப்பார்.

பெக் அதுக்கு அப்புறம் செஞ்சதுதான் விஷயம். 1992ல சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியா அந்தப் பாட்டு தமிழ் மூலத்தோடயும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடயும் அச்சுல வந்துச்சு. அதுக்கும் பிறகு, ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தோட சேர்ந்து அதை 26 எபிசோட் அனிமேஷனா பண்ணாங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். ஸ்கார்பரோ வளாக நூலகம் அவங்க சேகரிப்பை டிஜிட்டல் ஆக்கிப் பொதுவுல வெச்சிருக்கு. கனடாவுல பிறந்து வளர்ற ஒரு பிள்ளைக்கு அது தாத்தா ஊர்க் கதை. நமக்கு அது கனடாவோட ஆராய்ச்சி உழைப்பு. ஒரே பொருள் ரெண்டு நாட்டுக்கும் சொந்தமாயிருச்சு. இது புல் ரிக்வெஸ்ட் மாதிரி. நம்ம கோடை எடுத்தாங்க, வேலை செஞ்சாங்க, திரும்ப நம்மகிட்டயே கொண்டுவந்து சேர்த்தாங்க.

எனக்கு இதுல உறுத்தல் இல்லாம இல்ல. முதல் விஷயம், அந்த டிஜிட்டல் சேகரிப்பு இருக்கிற சர்வர் கனடாவுல இருக்கு. அங்க நிதி வெட்டு எப்படி வரும்னு இப்பத்தான் பார்த்தோம். ரெண்டாவது, அண்ணன்மார் கதையில கொங்கு வேளாளருக்கும் வேட்டுவருக்கும் பகை இருக்கு. யார் பக்கம் நின்னு பாடுறாங்கங்கிறதைப் பொறுத்துக் கதை மாறும். ஒரு வடிவம் அனிமேஷன் ஆனதும், அதுதான் கதைன்னு ஆகிருற ஆபத்து உண்டு. இதுக்குத் தீர்வு பெக்கைத் திட்டுறது இல்ல. இன்னும் பத்து வடிவத்தை நாம பதிவு பண்றதுதான்.

அதனாலதான் நம்ம ஊருக்கு வர்றேன். நம்மகிட்ட முத்துப்பட்டன் கதை இருக்கு. பாபநாசத்துக்கு மேல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையா கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமணப் பையன், செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் பண்ணி, தானும் அந்தத் தொழிலையே ஏத்துக்கிட்டு, மாடு களவாங்க வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்துப்போறான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பிச்சிருக்கார். சில வடிவங்கள்ல அந்தப் பொண்ணுங்க பிறப்புல பிராமணர்னு ஒரு திருப்பம் வரும். கதையோட முதுகெலும்பையே மாத்துற திருப்பம் அது. உங்க ஊர்க் கொடையில எந்த வடிவம் பாடுறாங்க? அது எனக்குத் தெரியணும், அடுத்த தலைமுறைக்கும் தெரியணும்.

கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறப்போ நம்மாளுங்க எல்லாரும் போனைத் தூக்குறோம். 30 செகண்ட் ரீல்ஸ், பின்னால சினிமாப் பாட்டு. 1965ல ஒருத்தங்க அத்தனை டேப் எடுத்த வேலையை, இன்னைக்கு நம்ம பையில இருக்கிற போன் இன்னும் நல்லாவே செய்யும். வேண்டியது ஒழுங்குதான். நான் இந்த வருஷம் பின்பற்றப்போற முறையைச் சொல்றேன்.

ஒண்ணு, பாடுறவங்ககிட்டயும் கோயில் நிர்வாகத்துக்கிட்டயும் முதல்லயே அனுமதி கேக்கணும். சாமி ஆடுற நேரத்தை எடுக்க வேண்டாம்னு சொன்னா விட்டுரணும். ரெண்டு, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் வெட்டாம எடுக்கணும். மூணு, வில் அடிக்கிறவர், குடம் அடிக்கிறவர், உடுக்கை அடிக்கிறவர், எல்லாரோட பேரும், அவங்க யார்கிட்டக் கத்துக்கிட்டாங்கங்கிறதும் எழுதி வைக்கணும். பேர் இல்லாத ஃபைல் பத்து வருஷம் கழிச்சு யாருக்கும் உதவாது. நாலு, மூணு காப்பி. ஒண்ணு நம்மகிட்ட, ஒண்ணு பாடுறவங்ககிட்ட, ஒண்ணு வேற ஊர்ல. அஞ்சு, அதுல காசு வந்தா முதல்ல பாடுனவங்களுக்கு.

கனடாக்காரங்க மூணு வழியைக் காட்டிட்டாங்க. அரசு அனுப்பினது பாதியில நின்னுச்சு. மக்கள் தூக்கிட்டுப் போனது நிக்குது. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது ரெண்டு பக்கமும் வளருது. விசா விதி இன்னும் பத்துத் தடவை மாறும், அது நம்ம கையில இல்ல. அடுத்த கொடையில ஒரு ராத்திரி முழுசா உக்காந்து பதிவு பண்றது நம்ம கையில இருக்கு.

தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கம் கொடை எப்போன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. மைக்கும் ஸ்டாண்டும் என்கிட்ட இருக்கு. பைக்ல பின்னால உக்காந்து வர ஒரு ஆள் வேணும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.