கதை தாண்டிப்போகும் பத்து ஆண்டுகள்



இந்த லிவர்மோர் நகரின் கிழக்கு ஓரத்தில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் இருக்கிறது. அதற்குள் மூன்று கால்பந்து மைதானப் பரப்பில் ஒரு கட்டடம். அங்கே 192 லேசர் கற்றைகள் ஒரே நொடியில் ஒரு சிறு உலோக உருளைக்குள் பாய்கின்றன. அதில் எழும் எக்ஸ் கதிர்கள், மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டையை நசுக்குகின்றன. சூரியனின் நடுவில் நடக்கும் அணுக்கரு இணைவை மண்ணில் நடத்திப் பார்க்கும் முயற்சி இது.

2012-ல் ‘ஸ்டார் டிரெக்’ படக்குழு இங்கே வந்தது. விண்கப்பலின் இயந்திர அறையாக இந்த ஆய்வுக்கூடத்தையே படம்பிடித்தது. திரையில் அந்தக் கப்பல் ஒளியை முந்திப் பறந்தது. அதே 2012-க்குள் இணைவைப் பற்றவைத்துவிட வேண்டும் என்று விஞ்ஞானிகளுக்கு இலக்கு இருந்தது. அவர்களால் அதை எட்ட முடியவில்லை.

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, அதற்கடுத்த பத்து ஆண்டுகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். உருண்டையின் மேல்பரப்பில் இருந்த நுண்ணிய குறைகளைத் தேடினார்கள். எரிபொருள் செலுத்தும் குழாயை இன்னும் மெல்லியதாக்கினார்கள். லேசரின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். 2022 டிசம்பர் 5 அதிகாலையில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் திரும்பக் கிடைத்தது. லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் இணைவு மின்நிலையம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் முடியுமா என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.

அந்த விடைக்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு உண்டு. 1960-ல் லேசர் பிறந்தவுடனேயே ஜான் நக்கோல்ஸ் போன்ற விஞ்ஞானிகள் இங்கே கணக்குப் போடத் தொடங்கினார்கள். 1977-ல் 20 கற்றைகள் கொண்ட லேசர் ஒன்றை அமைத்து, பல கரங்கள் கொண்ட இறைவனை நினைத்து ‘சிவா’ என்று பெயரிட்டார்கள். 1978-ல் 19 வயது ஆரத்தி பிரபாகர் கோடைக்கால மாணவியாக இந்த ஆய்வகத்துக்கு வந்தார். 2022-ல் வெற்றியை அறிவித்த மேடையில் அவர் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசகராக நின்றார். முதலில் இங்கே வந்தபோது அவருக்கும் உங்கள் வயதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஆய்வகம் 1952-ல் அணு ஆயுத ஆய்வுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தப் பணி இன்றும் நடக்கிறது. ஒரே அறிவு விளக்கையும் ஏற்றும், ஊரையும் எரிக்கும். எதற்காகச் செய்கிறோம் என்ற கேள்வியை எந்த வேலையிலும் விட்டுவிடாதீர்கள்.

கதை வேறு, ஆய்வு வேறு என்றும் நினைக்காதீர்கள். உங்கள் பெற்றோர் படித்து வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’ நாவலை எழுதிய அதே காலத்தில், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகவும் இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. கனவு காண்பவரும் கருவி செய்பவரும் ஒருவராகவே இருக்க முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே அவர் சாட்சி.

கதை பத்து ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடும். அந்த ஆண்டுகளை யாராவது வாழ்ந்தாக வேண்டும். உங்கள் ஆயுளுக்குள் முடியுமா என்று தெரியாத ஒரு நல்ல கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். முதல் தோல்வியில் அதைக் கைவிடாதீர்கள். கண்டறிந்ததைத் தமிழிலும் எழுதுங்கள்.